வழி தவறும் முதியோரும் வழிகாட்டாத வீதிகளும்

'காணவில்லை' என்ற தலைப்பில் பத்திரிகைகளில் வெளிவரும் சிறிய அறிவித்தல்களை எமது வாசகர்கள் நன்கு அறிவர். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரின் மங்கலான புகைப்படம், இறுதியாக அணிந்திருந்த சாரத்தினதும் சேர்ட்டினதும் நிறம், தகவல் தர வேண்டிய தொலைபேசி இலக்கம் என்பவற்றுடன் 'சற்று ஞாபகமறதி உள்ளவர்' என்ற ஒரு வரியும் அவற்றில் இடம்பெறுவதுண்டு. யுத்த காலத்தில் இதே தலைப்பு வேறொரு துயரத்தைச் சுட்டி நின்றது. அத்துயரத்துக்கு இன்னமும் விடை கிடைக்காத இந்நாட்டில், வேறொரு காரணத்தினால் வீடு திரும்பாதோர் பற்றிய அறிவித்தல்களும் வந்துகொண்டிருக்கின்றன.

இவ்வாறு காணாமற்போகும் முதியவர்கள் அறிமுகமற்ற ஊர்களில் வழி தவறியவர்கள் அல்லர். நாற்பது, ஐம்பது வருடங்கள் நடந்து பழகிய கோயில் வீதியிலும், பள்ளிவாசலுக்குச் செல்லும் ஒழுங்கையிலும், சந்தைச் சந்தியிலும் திசை தடுமாறியவர்களே இவர்களில் பலர். இதற்கு நோயே காரணம் என்று கூறி நாம் அப்பாற் சென்றுவிடுகின்றோம். நோய் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீதியும் ஒரு காரணமாகலாம் என்பதையே இங்கு எடுத்துக்கூற விழைகின்றோம்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய், முதுமையின் இயல்பான விளைவு அன்று. மூளையின் கலங்கள் படிப்படியாகச் சேதமடைவதனால் ஏற்படும் பல நோய்களின் பொதுப்பெயரே அது. அவற்றுள் மிகவும் பரவலானது அல்சைமர் நோயாகும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடி 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தனர். இவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே இது செல்வந்த நாடுகளின் பிரச்சினை என்ற எண்ணம் தவறானது.

இலங்கையைப் பொறுத்தவரை, ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்டு 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் சுமார் 4 சதவீதமானோர் மறதி நோயினால் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கண்டறிந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 7.9 சதவீதமாகவிருந்த 65 வயதுக்கு மேற்பட்டோரின் பங்கு, 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 12.6 சதவீதமாக உயர்ந்துள்ளது. ராகமை ஆய்வின் வீதத்தை இன்றைய சனத்தொகைக்குப் பொருத்திப் பார்த்தால், மறதி நோயுடன் வாழ்வோரின் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டும். ஆயினும் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்ற இரண்டு சொற்களுடன் இவர்களை வீட்டின் ஒரு மூலையில் இருத்திவிடும் வழக்கமே எம்மிடையே இன்றும் நிலவுகின்றது.

மறதி நோய் ஏன் முதலில் வழியை மறக்கச் செய்கின்றது என்பதற்கு விஞ்ஞானம் விளக்கம் தருகின்றது. 1971 ஆம் ஆண்டில் ஜோன் ஓகீஃப் என்ற ஆய்வாளர், மூளையின் ஹிப்போகெம்பஸ் என்னும் பகுதியில் விசேடமான சில கலங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். எலியொன்று குறிப்பிட்ட ஓர் இடத்தை அடையும்போது மாத்திரமே அக்கலங்களுள் ஒன்று விழித்துக்கொள்ளும். 2005 இல் நோர்வேயைச் சேர்ந்த மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோர் அதற்கு அண்மையிலுள்ள பகுதியில் தூரத்தையும் திசையையும் கணிக்கும் கலங்களைக் கண்டனர். மூளைக்குள் இருக்கும் இந்த வரைபடத்தைக் கண்டறிந்தமைக்காக இம்மூவருக்கும் 2014 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அல்சைமர் நோய் தனது தாக்குதலை ஆரம்பிப்பது பெரும்பாலும் இப்பகுதிகளிலேதான். எனவே பேரப்பிள்ளையின் பெயர் மறப்பதற்கு முன்னரே வீட்டுக்குத் திரும்பும் வழி மறந்துபோவது வியப்புக்குரியதன்று.

உள்ளிருக்கும் வரைபடம் கலையும்போது, வெளியிலுள்ள அடையாளங்களே அம்மனிதருக்குத் துணையாகின்றன. இந்த இடத்தில்தான் வீதி அமைப்பு முக்கியத்துவம் பெறுகின்றது.

பிரித்தானியாவின் ஒக்ஸ்போர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் மிற்செல், எலிசபெத் பேர்ட்டன் ஆகியோர் தமது சகாக்களுடன் இவ்விடயத்தில் முன்னோடியான ஆய்வொன்றை மேற்கொண்டனர். அதன் பரிந்துரைகள் 2004 ஆம் ஆண்டிலும், விரிவான நூல் 2006 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவர்கள் மறதி நோயுள்ள முதியோரையும் அந்நோய் இல்லாத முதியோரையும் நேரிற் சந்தித்து உரையாடியதுடன், அவர்களது வீட்டிலிருந்து அயலிலுள்ள இடங்களுக்கு அவர்களுடனேயே நடந்தும் சென்றனர். எந்த இடத்தில் ஒருவர் தயங்குகின்றார், எதைப் பார்த்துத் தெளிகின்றார், எதைக் கண்டு அஞ்சுகின்றார் என்பவை குறித்துக்கொள்ளப்பட்டன. மறதி நோயுள்ளோர் வரைபடங்களையும் எழுத்துமூலக் குறிப்புகளையும் நாடுவது அரிது என்பதும், கண்ணுக்குப் புலப்படும் அடையாளங்களையே அவர்கள் நம்பி நடக்கின்றனர் என்பதும் தெரியவந்தன. இவற்றின் அடிப்படையில் அயற்புற வீதிகள் கொண்டிருக்க வேண்டிய ஆறு பண்புகளை அவர்கள் வகுத்துரைத்தனர். பரிச்சயம், தெளிவு, தனித்துவம், எட்டும் தூரம், பாதுகாப்பு, சௌகரியம் என்பனவே அவையாகும்.

முதலாவது பரிச்சயம். பழைய வடிவிலான சிவப்புத் தொலைபேசிக் கூண்டைக் கண்டதும் அது என்னவென்று அறிந்துகொண்ட முதியோர், கண்ணாடியினாலான நவீன கூண்டைக் கண்டு அதன் பயன் புரியாது தடுமாறினர் என்று அந்த ஆய்வு கூறுகின்றது. புதுமைக்காக வளைத்தும் சரித்தும் செய்யப்பட்ட உலோக ஆசனத்தை அமரும் இடமாக அவர்கள் இனங்காணவில்லை. கைப்பிடியும் சாய்மானமும் உள்ள மர வாங்கே அவர்களுக்கு ஆசனமாகத் தெரிந்தது. அண்மைக்கால நினைவுகள் அழிந்தபின்னரும் பழைய நினைவுகள் நீண்டகாலம் நிலைத்திருப்பதே இதற்குக் காரணமாகும்.

எமது மண்ணில் இந்தப் பண்பு ஆழமான பொருள் கொண்டது. யுத்தமும் சுனாமியும் எமது மக்களின் அயலை ஒரே நாளில் மாற்றியமைத்திருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் முதுமையடைந்த ஒரு முஸ்லிம் தாய், மறதி நோய் முற்றும்போது எந்த வீட்டைத் தேடிப் புறப்படுவார்? உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் காணியை இழந்து, பல முகாம்களில் வாழ்ந்த வலிகாமம் வடக்கைச் சேர்ந்த முதியவர் 'வீட்டுக்குப் போகவேண்டும்' என்று படலையைத் திறக்கும்போது, அவர் மனதிலிருப்பது எந்த ஒழுங்கை? இவர்கள் வழி தவறியவர்கள் என்பதைவிட, இல்லாமற்போன ஓர் ஊரைத் தேடிச் செல்பவர்கள் என்பதே பொருந்தும். ஆகவே மீள்குடியேற்றப் பிரதேசங்களில் எஞ்சியிருக்கும் பழைய கேணியையோ, சுமைதாங்கியையோ, பள்ளிவாசலின் பழைய முகப்பையோ, சனசமூக நிலையத்தின் வாசிகசாலையையோ இடித்துத் தள்ளுவதற்கு முன்னர் இருமுறை சிந்திக்க வேண்டும். அவை பழமையின் சின்னங்கள் மட்டுமல்ல. பலரை வீட்டுக்கு அழைத்துவரும் அடையாளங்களுமாகும்.

இரண்டாவது பண்பு தெளிவு. தான் எங்கே நிற்கின்றேன், எப்பக்கம் செல்ல வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்திலே புரிய வேண்டும். ஒரே மாதிரியான நேர்வீதிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நாற்சந்திகளைவிட, குறுகிய, மெதுவாக வளைந்து செல்லும் வீதிகளும் முச்சந்திகளும் முதியோருக்கு இலகுவானவை என ஆய்வாளர்கள் கண்டனர். நாற்சந்தியில் மூன்று தெரிவுகளுக்கிடையே முடிவெடுக்க வேண்டியிருக்கின்றது. முச்சந்தியிலோ தெரிவுகள் குறைவதுடன், எதிரேயுள்ள கட்டடம் ஓர் அடையாளமாகவும் அமைகின்றது. வளைந்து நெளியும் எமது பழைய ஒழுங்கைகள் திட்டமிடலின் குறைபாடு என்றே நாம் எண்ணி வந்துள்ளோம். வாகனத்துக்கு அவை இடையூறாக இருக்கலாம். நடந்து செல்லும் முதியவருக்கு அவ்வாறல்ல.

பெயர்ப்பலகைகளும் தெளிவைச் சார்ந்தவையே. வெளிர் நிறப் பின்னணியில் கருமையான பெரிய எழுத்துகள், ஒரு பலகையில் ஒரு செய்தி, கண்மட்டத்துக்கு எட்டும் உயரம் என்பன அவசியமானவை. இலங்கையில் தமிழ் மொழி 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தினால் அரச கரும மொழியாக்கப்பட்ட போதிலும், தமிழெழுத்துகள் மூன்றாமிடத்தில் சிறுத்தும், பிழையாகவும் எழுதப்படுவது பற்றிப் பல தடவைகள் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. இதனை மொழியுரிமை சார்ந்த விடயமாகவே நாம் பார்த்து வந்தோம். மறதி நோயுள்ளோர் பலரிடத்தே பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவி, தாய்மொழியே இறுதிவரை துணைநிற்பதைக் குடும்பத்தவர்கள் அறிவர். கொழும்பில் அரை நூற்றாண்டு வாழ்ந்து சிங்களமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசிய ஒருவருக்கு, ஒரு கட்டத்தில் தமிழெழுத்து மாத்திரமே வழிகாட்டக்கூடும். பிழையான ஓர் எழுத்து அவருக்கு மூடப்பட்ட ஒரு வழியாகிவிடும்.

மூன்றாவதான தனித்துவம், எமது வீடமைப்புத் திட்டங்களுக்கு நேரடியான கேள்வியை எழுப்புகின்றது. 2004 டிசெம்பர் சுனாமியின் பின்னர் கிழக்கின் கரையோர மக்கள் குடியமர்த்தப்பட்ட திட்டங்களிலும், வடக்கின் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே முகப்புக் கொண்ட வீடுகள் வரிசையாக எழுந்தன. கொழும்பில் 2001 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சஹஸ்புர தொடக்கம், தோட்டக் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியேற்றப்பட்ட அடுக்குமாடிகள் பலவற்றில் ஒவ்வொரு தளமும் ஒன்றுபோலவே காட்சியளிக்கின்றது. மலையகத்து லயன் அறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி 'ஏன் என்னை உள்ளே விடவில்லை' என்று கோபிக்கும் முதியவரை அயலவர்கள் தவறாக எண்ணுகின்றனர். அவரது கண்ணுக்கு இரண்டு கதவுகளும் ஒன்றே. தளத்துக்கொரு நிறம், வரிசைக்கொரு மரம், கதவுக்கொரு அடையாளம் என்ற ஏற்பாட்டுக்கு ஓரிரு வாளி வர்ணப்பூச்சே போதுமானது.

தனித்துவம் கண்ணுக்கு மாத்திரம் உரியதன்று. பாங்கொலி, கோயில் மணி, தேவாலய மணி, வெதுப்பகத்திலிருந்து மாலையில் எழும் பாண் வாசனை என்பனவும் ஓர் இடத்தை இன்னதென்று உணர்த்துகின்றன. பார்வை மங்கியவருக்கு இவையே அடையாளமாகவும் நேரக்கணிப்பாகவும் அமைகின்றன.

நான்காவது பண்பு எட்டும் தூரம். அன்றாடம் தேவைப்படும் கடை, தபாலகம், வைத்தியசாலை, வழிபாட்டிடம் என்பன வீட்டிலிருந்து 500 மீற்றருக்குள் அமைவது நல்லதென்றும், நடைபாதை குறைந்தது 2 மீற்றர் அகலமுடையதாக இருக்க வேண்டுமென்றும் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பரிந்துரைத்தனர். 100 தொடக்கம் 125 மீற்றருக்கு ஓர் ஆசனம் இருக்க வேண்டும் என்பதும் அவர்களது பரிந்துரையாகும். எமது கிராமங்கள் பலவற்றில் கடையும் கோயிலும் பள்ளிவாசலும் இன்றும் நடைதூரத்திலேயே உள்ளன என்பது நற்பேறாகும். இல்லாதது நடைபாதையே. இருக்கும் இடங்களிலும் அது கடைப்பொருட்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் உரியதாகிவிட, முதியவர் வாகனங்களுக்கிடையே இறங்கி நடக்கின்றார்.

ஐந்தாவது பாதுகாப்பு. மறதி நோயுள்ளவரின் கண் பார்ப்பதை மூளை வேறுவிதமாக விளங்கிக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் உண்டு. பளபளப்பான தரை அவருக்கு ஈரமாகத் தெரியும். கருமையான கற்களாலான ஒரு பட்டை குழியாகத் தோன்றும். கட்டங்களும் கோலங்களும் நிறைந்த தரை படிக்கட்டாகத் தோற்றமளித்து அவரை நிறுத்திவிடும். நகர அலங்காரத்தின் பெயரால் பல வர்ணக் கற்களும் வழுக்கும் தரையோடுகளும் பதிப்போர் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும். ஒரே நிறமான, வழுக்காத, ஒளியைத் தெறிக்காத தரையே பாதுகாப்பானது. அதேவேளை நடைபாதைக்கும் வீதிக்கும், படிக்கும் படிக்கும் இடையே நிற வேறுபாடு தெளிவாக இருத்தல் வேண்டும். இவற்றுடன் எமக்கே உரிய ஆபத்துகளும் உள்ளன. மூடி உடைந்த வடிகான், கட்டில்லாத கிணறு, கட்டாக்காலி நாய்கள், காரணமின்றி ஒலிக்கும் பஸ் ஹோர்ன் ஆகியவற்றுள் எதுவும் பெருந்தொகை செலவழித்துத் தீர்க்க வேண்டியதன்று. சுபஹ் தொழுகைக்காகவும் திருவெம்பாவைப் பூசைக்காகவும் இருள் விலகுமுன் வீதிக்கு வருவோர் முதியோரே. எரியாத வீதிவிளக்கு அவர்களையே முதலிற் பாதிக்கின்றது.

இறுதியானது சௌகரியம். ஐரோப்பாவில் இதன் பொருள் மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கும் இடம். எமது உலர் வலயத்தில் இதன் பொருள் நிழலே. வீதி அகலிப்புக்காகப் பல தசாப்தங்கள் வளர்ந்த மரங்களை ஒரே நாளில் தறித்து வீழ்த்தும்போது, நிழலும் அடையாளமும் ஒருங்கே அழிந்துபோகின்றன. எமது முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். சுமையை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கியும், வழிப்போக்கர் தங்க மடமும், தாகம் தீர்க்கத் தண்ணீர்ப்பந்தலும் அவர்கள் அமைத்தனர். பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகவே கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணைகளுடன் நிற்கும் தெருமூடிமடம் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றது. 125 மீற்றருக்கு ஓர் ஆசனம் என்ற பரிந்துரையை அந்நிய நாகரிகம் என்று ஒதுக்குவதற்கு எமக்கு எந்த நியாயமும் இல்லை.

மறதி நோயுள்ளவரைத் தனியே வெளியே விடுவது ஆபத்தல்லவா, பூட்டிவைப்பதே பாதுகாப்பு அல்லவா என்ற கேள்வி எழக்கூடும். பராமரிக்கும் மகளோ மருமகளோ சமையலுக்கும் வேலைக்கும் இடையே படும் பாட்டை அறிந்தவர்கள் இக்கேள்வியை அலட்சியம் செய்யமாட்டார்கள். நோய் முற்றிய நிலையில் துணையின்றி அனுப்ப முடியாது என்பது உண்மையே. ஆனால் நோயின் ஆரம்ப நிலை பல வருடங்கள் நீடிக்கலாம். அக்காலத்தில் நடையும், வெயிலும், நாலு பேருடனான உரையாடலும் மறுக்கப்படுமாயின் மனமும் உடலும் விரைவாகத் தளர்கின்றன. மறதி நோய்க்கு இட்டுச்செல்லும் தவிர்க்கக்கூடிய 14 காரணிகளை 2024 ஆம் ஆண்டில் பட்டியலிட்ட லான்செட் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு, உடலுழைப்பின்மையையும் சமூகத் தனிமையையும் அவற்றுள் சேர்த்திருந்தது. நடக்கத்தக்க வீதி, நோயுள்ளவருக்கு மட்டுமன்றி இன்று நலமாயுள்ளோருக்கும் உரியது.

ஏனைய நாடுகள் இதனை வெவ்வேறு வழிகளில் அணுகியுள்ளன. நெதர்லாந்தின் வீஸ்ப் நகரில் 2009 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஹோகவே என்ற குடியிருப்பு, கடைத்தெருவும் சதுக்கமும் உணவகமும் கொண்ட சிறு கிராமமாகவே அமைக்கப்பட்டது. அங்கு வாழ்வோர் விரும்பியவாறு உலாவலாம். ஆயினும் வெளிவாயில் காவலுடனேயே இருக்கின்றது. ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரிலுள்ள முதியோர் இல்லமொன்றின் முன்னால், எந்த பஸ்ஸும் வராத ஒரு பஸ் தரிப்பிடம் அமைக்கப்பட்டது. வீட்டுக்குச் செல்லவெனப் புறப்படுவோர் அங்கு அமர்ந்து சிறிது நேரத்தில் அமைதியடைந்தனர். இது கருணையா, ஏமாற்றா என்ற விவாதம் இன்னமும் ஓயவில்லை.

எமக்கு அதிகம் பொருந்துவது ஜப்பானின் ஒமுட்டா நகரின் வழியே என்பது எமது கருத்து. 1997 இல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டபின் முதியோர் நிறைந்த நகராகிய அங்கு, 2004 ஆம் ஆண்டு முதல் ஓர் ஒத்திகை நடத்தப்பட்டு வருகின்றது. வழி தவறிய முதியவராக ஒருவர் வீதியில் நடக்க, பாடசாலை மாணவரும் கடைக்காரரும் சாரதிகளும் அவரை இனங்கண்டு மென்மையாகப் பேச்சுக் கொடுத்துப் பழகிக்கொள்கின்றனர். முதியவரை வெளியே வராமற் தடுப்பதல்ல, வெளியே வந்தவர் பத்திரமாகத் திரும்புவதே அந்நகரின் நோக்கமாகவிருந்தது. மறதி நோயுடன் தொடர்புபட்டுக் காணாமற்போனவர்களாக 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜப்பானியப் பொலிஸாரிடம் பதிவாகியிருந்தனர். அத்தகைய நாடும் கதவைப் பூட்டுவதைத் தீர்வாகக் கொள்ளவில்லை.

இலங்கையில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைச் சட்டம், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், 2006 ஆம் ஆண்டின் அணுகுவசதி ஒழுங்குவிதிகள், அவற்றைப் புதிய பொதுக் கட்டடங்களில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற 2011 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற உத்தரவு என்பன உள்ளன. ஆயினும் இவை பிரதானமாக உடல் ரீதியான அணுகலைப் பற்றியே பேசுகின்றன. சாய்தளம் அமைத்தால் கடமை முடிந்தது என்ற எண்ணமே அதிகாரிகளிடம் காணப்படுகின்றது. சாய்தளத்தில் ஏறத் தெரிந்தும், எந்த வாயிலால் நுழைவது என்று தெரியாது நிற்பவரை இச்சட்டங்கள் கண்டுகொள்ளவில்லை.

இவ்விடத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு பெரிது. ஈராண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கிய இம்மன்றங்கள், 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் மீண்டும் உயிர்பெற்றுள்ளன. ஒவ்வொரு பிரதேச சபையும் தனது எல்லைக்குள் ஒரு வட்டாரத்தைத் தெரிவுசெய்து, அங்குள்ள முதியவர்கள் சிலருடன் அவர்கள் வழமையாகச் செல்லும் வழியில் ஒருநாள் நடந்து பார்க்கட்டும். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் செய்ததும் அதுவே. எங்கே வாங்கு வேண்டும், எந்த விளக்கு எரியவில்லை, எந்த மூடி உடைந்திருக்கின்றது, எந்தப் பலகை வாசிக்க முடியாதுள்ளது என்பதை அந்த நடையே சொல்லிவிடும். கிராம உத்தியோகத்தரும், கோயில் பரிபாலன சபையும், பள்ளிவாசல் நிர்வாகமும், சனசமூக நிலையமும் இதில் இணைவதற்குத் தடையேதுமில்லை. தடுமாறி நிற்கும் முதியவரைக் கண்டால் 'ஐயா', 'வாப்பா', 'அம்மா' என்று அழைத்து அருகிற் சென்று விசாரிக்கும் பழக்கத்தைப் பாடசாலைகளும் ஓட்டோ சாரதிகள் சங்கங்களும் கற்பிக்கலாம். பிள்ளைகள் கடல் கடந்து வாழ, பெற்றோர் பெரிய வீடுகளில் தனித்திருக்கும் எமது பிரதேசங்களில் அயலவரே உறவினர் என்பதை மறந்துவிடலாகாது.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. மறதியை வெட்கத்துக்குரியதாகக் கருதி மறைப்பதனால் பயனில்லை. அயலில் நான்கு வீட்டாருக்கும் சந்திக் கடைக்காரருக்கும் விடயத்தைத் தெரியப்படுத்துவதே முதற் பாதுகாப்பாகும். சட்டைப்பையில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். வளவுக்குள்ளேயே சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒரு சிறு பாதையும், மரநிழலில் ஒரு கதிரையும் இருந்தால் நோய் முற்றியவருக்கும் வெளியுலகம் முற்றாக அற்றுப்போவதில்லை.

'காணவில்லை' அறிவித்தல்களைப் பிரசுரிப்பது எமது கடமைகளுள் ஒன்று. அதனைத் தொடர்ந்தும் செய்வோம். ஆனால் அவ்வறிவித்தலுக்கு அவசியம் ஏற்படாத வீதிகளை அமைப்பது, வரி அறவிடும் மன்றங்களினதும் அவ்வீதிகளில் குடியிருக்கும் எம் அனைவரினதும் கடமையாகும். இன்று நாம் அமைக்கும் வீதிகளிலேயே நாளை நாமும் வீட்டுக்கு வழி தேடப்போகின்றோம் என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர்ந்து செயற்பட வேண்டும்.